அத்தான் காட்டிய தேரை

என் அக்காள் சாந்துசாவின் புருஷர் நிகாசியோ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. தேரை என்றுதான் கூப்பிடுவார். அவர்கள் கல்யாணத்தன்று வைத்த பெயர் அது. பொழுது சாய்ந்து எல்லாரும் சோளக் கள் குடித்துக்கொண்டிருந்தபோது, மேலே பால்வீதியாக ஓடும் வானத்து ஆற்றைக் காட்டி, "அந்தா தெக்கால பாருங்க, கறுப்பா ஒரு தேரை குந்தியிருக்குல்ல? அச்சு அசல் என் கொழுந்தியா" என்றார். ஊரே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வானத்தில் தேரை இருப்பது எங்கள் மலையில் எல்லாருக்கும் தெரியும். பால் குடிக்கும் குட்டியோடு எங்கள் சுமை தூக்கும் லாமா, பின்னால் நரி, முன்னால் கௌதாரி, எல்லாம் அந்த ஆற்றில்தான் இருக்கின்றன. நட்சத்திரங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் ஒன்றும் தெரியாது. நடுவே கிடக்கும் இருட்டைப் பார்க்க வேண்டும். ஆனால் அந்த இருட்டில் என் மூஞ்சியைக் கண்டுபிடித்தவர் இந்த மனுஷர் ஒருவர்தான்.

வாய்தான் அப்படி. என் வீட்டுக்காரர் செத்த வருஷம், தன் நிலத்தைத் தொடுவதற்கு முன்னால் என் நிலத்தைக் கொத்திக் கொடுத்தார். நன்றி சொல்லப் போனால், "போ, போய் மழைக்குக் கத்து" என்று விரட்டினார்.

குளிர்காலத்தில் வரும் அருளப்பர் திருநாள் விடியலில் எங்கள் ஊருக்கு வானம் பார்த்துச் சொல்பவர் அவர்தான். கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தை நாங்கள் களஞ்சியம் என்போம். அது பெரிதாக, பளிச்சென்று எழுந்தால் மழை சீக்கிரம் வரும், கிழங்கை முன்னதாகவே நடலாம். சிறுத்து மங்கிப்போயிருந்தால் தள்ளி நட வேண்டும். அவர் பாறை மேல் தனியாக நின்று பார்ப்பார். அவர் வாய் திறக்கும்வரை யாரும் பேசக் கூடாது.

அந்த வருஷம் திருநாளுக்கு முந்தின சாயங்காலம், ராத்திரிப் பனியில் உறைந்து காயக் கிழங்கு பரப்பிவிட்டு அத்தானோடு திரும்பும்போது இருட்டிவிட்டது. சும்மா சீண்டினேன்.

"அத்தான், தேரை எங்க? காட்டுங்க பாப்போம்."

"இந்தா, எதுக்கவே நிக்குதே."

சிரித்துக்கொண்டே என் வீட்டு வாசல்வரை வந்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. அவர் மேலே பார்க்கவே இல்லை. மேலே இருப்பதைக் காட்டிவிட்டு என்னைக் காட்டுவதுதான் அவர் வழக்கம். திரும்பிப் போய் அக்காளை அடுப்பங்கரையில் பிடித்தேன்.

"அத்தானுக்குக் கண்ணு தெரியலையா?"

அவள் அடுப்பில் எருவைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். "பகல்ல பரவால்ல. ராத்திரியானா வானம் முழுக்கச் சாம்பல் பூசுன மாதிரி இருக்காம்."

"ஊருல சொல்லிட வேண்டியதுதான?"

"அவர் வாயப் பாத்துத்தான்டி ஊரே வெத போடுது. நாளைக்குத் தப்பாச் சொன்னா அத்தன பேரு வெதக் கிழங்கும் மண்ணுல காஞ்சு போகும். தெரியலன்னு சொன்னா மனுஷன் உசுரோட இருக்க மாட்டாரு."

அக்காள் அழுது நான் பார்த்ததில்லை. அன்று பார்த்தேன்.

"நான் பின்னால நின்னு இருமுறேன்" என்றேன். "பெருசா இருந்தா ஒருக்கா. மங்கலா இருந்தா ரெண்டுக்கா. அவர்கிட்டச் சொல்லிடு."

சொன்னாளாம். அவர் சுவர்ப் பக்கம் புரண்டு படுத்துக்கொண்டாராம்.

விடியலில் ஊரே மேட்டில் கூடியது. குளிர் எலும்பைக் குடைந்தது. அத்தான் பாறை மேல் ஏறி, மலைக்குக் காணிக்கையாகக் கோகா இலைகளை ஊதி வைத்துவிட்டுக் கிழக்கே பார்த்து நின்றார். மலை முகட்டுக்கு மேலே களஞ்சியம் ஏறியது. ஒவ்வொரு நட்சத்திரமும் தனித்தனியாகக் கொழுத்துத் தெரிந்தது. எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. ஒரு தடவை இருமினேன்.

உடனே பின்னால் மெலித்தோன் ஆரம்பித்தான். அறுவடைக் காலத்திலிருந்தே இருமிக்கொண்டிருக்கும் ஆள். விடாமல் இருமினான். அது அவன் பெண்டாட்டிக்குத் தொற்றியது, அப்புறம் பாதிக் கூட்டத்துக்கும். அவன் குரல்வளையை நெரித்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

பாறை மேல் அத்தானின் தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். காலால் துழாவித் துழாவி இறங்கி வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"எனக்கு ராத்திரில கண்ணு தெரியல. என் கொழுந்தியா இருமிச் சொல்றதா ஏற்பாடு. மெலித்தோன் கெடுத்துட்டான்."

யாரும் சிரிக்கவில்லை. மெலித்தோனின் இருமல்கூட நின்றுவிட்டது. அத்தான் நான் நிற்கும் பக்கமாக முகத்தைத் திருப்பினார்.

"தேரை, நீ ஏறு. இருட்டுல கண்ணு தெரியுற பொறப்பு நீதான்."

ஏறினேன். "பெருசா இருக்கு. பளிச்சுனு இருக்கு" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. அத்தான்தான் ஊரைப் பார்த்து, தன் பழைய கனத்த குரலில் சொன்னார்: "கேட்டுச்சா? முன்னாலயே நடலாம். பால்பினா சொல்லிட்டா."

என் பெயர் அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். கீழே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"தேரைன்னே கூப்பிடுங்க அத்தான்."

முகத்தை வானத்துப் பக்கம் தூக்கினார். அப்புறம் மெதுவாகக் கேட்டார். "மேல இருக்காளா அவ?"

தெற்கே பார்த்தேன். ஆறு சாய்ந்து, தேரை மலைக்குப் பின்னால் போய்விட்டிருந்தது.

"இல்ல அத்தான். எறங்கிட்டா. உங்க கையப் புடிச்சுக்கிட்டு நிக்கிறா."