தண்ணீர் படாத மாவு

பல் மருத்துவர் தெசாங்காவுக்குப் பல்லில் சிமெண்ட் வைத்து ஒட்டிய பழைய காலத்துக் கைப்பழக்கம் போகவில்லை. ஒட்டுவதற்கு முன் பல்லைச் சுண்ணாம்பாய் வெளுக்கும்வரை காற்றடித்து உலர்த்துவாள். ரொட்டிக்கடை ராதோய்காவின் உடைந்த முன்பல்லைப் புதுப் பசை வைத்து அப்படித்தான் மூன்று முறை ஒட்டினாள். மூன்று முறையும் விழுந்தது.

"என்ன டாக்டரம்மா, தண்ணி படாத மாவு எங்கயாச்சும் ஒட்டுமா?" என்று சிரித்தாள் ராதோய்கா.

"ரொட்டி சுடுறவ எனக்குப் பாடம் எடுக்க வந்துட்டியா? வாயைத் திற!"

அதன்பின் ராதோய்கா வரவில்லை. வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் சிரித்தாள். மாரடைப்பில் அவள் போனபோது, கல்லறைக் கல்லில் பதிக்க அப்படி வாயை மூடிச் சிரிக்கும் படம்தான் வீட்டில் கிடைத்தது.

ஒரு மாதம் கழித்து, பெல்கிரேடில் நடந்த பயிற்சி வகுப்பில் தெசாங்காவுக்குச் சொல்லித்தந்தார்கள்: பல்லின் உள்ளே லேசான ஈரம் இருக்க வேண்டும், முழுக்கக் காய்ந்தால் அங்குள்ள நுண்ணிழைகள் படுத்துவிடும், பசை இறங்காது.

இப்போது அவள் ஈரம் விட்டுத்தான் ஒட்டுகிறாள். எதுவும் விழுவதில்லை. ஆனால் காற்றுக்குழாயை எடுக்கும்போதெல்லாம், நாற்காலியில் யார் இருந்தாலும், அவள் கண்ணுக்கு மட்டும் மாவு படிந்த ஒரு கை எழுந்து வந்து அந்த வாயை மூடுகிறது.