உடைந்த பிஸ்கட்டின் பொற்காலம்

போன மாதம் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலின் குளிரில் என்னை உட்காரவைத்து, சரித்திரத்திலிருந்து தலைமைத்துவம் கற்றுக்கொடுத்தார்கள். எனக்குக் கீழே ஏழெட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். அதாவது, நான் அறையில் இல்லாதபோது வேலை செய்கிறார்கள். அந்தக் குறையைச் சரிசெய்யத்தான் கம்பெனி அனுப்பியது. பயிற்றுநர் என் மகன் வயதுப் பையன். சோழனின் கப்பலைத் திரையில் நிறுத்திவிட்டு, இவருடைய விஷன் என்ன மேடம் என்று கேட்டான். காலையில் தின்ற நாசி லெமாக் என் கண்ணிமைமேல் ஏறி உட்கார்ந்திருந்த நேரம். அடுத்த படத்தில் ஒரு ராஜா முக்காடு போட்டுக்கொண்டு, குடிமக்கள் மனதை அறிய மாறுவேடத்தில் நகர்வலம் கிளம்பினார். அவரைப் பார்த்ததும் எனக்கு எங்கள் அப்பாவின் முகம் தெரிந்தது, மீசை இல்லாமல். அதற்குப் பிறகு பையன் சொன்ன எதுவும் என் காதில் விழவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. கிள்ளானில் எங்கள் பக்கத்துக் காற்றே வெண்ணெய் வாசமாக இருக்கும். அப்பா வேலை செய்த பிஸ்கட் தொழிற்சாலை வீட்டுக்குப் பின்னால்தான். பிற்பகலில் காற்று திரும்பினால் காயப்போட்ட துணி, மதில்மேல் தூங்கும் பூனை, என் வாய்ப்பாட்டுப் புத்தகம் எல்லாமே இப்போதுதான் அடுப்பிலிருந்து வந்தவை போல மணக்கும். உடைந்த பிஸ்கட்டை அங்கே ஆட்களுக்குச் சும்மா கொடுத்துவிடுவார்கள். அப்பா கொண்டுவந்து ஒரு தகர டின்னில் கொட்டுவார்.

அவருடைய வேலை பெல்ட்டின் முனையில் நின்று கூவுவது. அதாவது அடுக்குவதுதான் வேலை. கூவியது அவராகச் சேர்த்துக்கொண்டது. வட்ட பிஸ்கட் வந்தால் “பிரிக்பீல்ட்ஸ்!” சதுரம் வந்தால் “ஷா ஆலாம்!” கிரீம் வைத்தது வந்தால் “செலாயாங், பாசார் எறங்கு!” பஸ் கண்டக்டர் ஊர்ப்பெயர் சொல்வது போலக் கூவ, வரிசையில் நிற்கும் அக்காமார்கள் அதற்கேற்றபடி கையை வைத்துக்கொள்வார்கள். வீட்டில் சோறு பரிமாறும்போதும் அதே கூவல்தான். ரசம் என்றால் பிரிக்பீல்ட்ஸ்.

பிறகு அவரை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். கோயில் திருவிழா முடியும்வரை பார்ப்போம், சரிப்படாவிட்டால் பழைய இடத்துக்கே போய்விட வேண்டும் என்பது மேனேஜரின் பேச்சு. எல்லார் கண்முன்னே மேலே ஏறியவர் எல்லார் கண்முன்னே இறங்க வேண்டியிருக்குமே என்று அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று.

இந்த இடத்தில்தான் மாமா வந்தார். அம்மாவின் அண்ணன், பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தா. வாழ்நாளில் ஒரு பூனையைக்கூட வழிநடத்தியவரில்லை. அவருடைய வீட்டில் நடந்தது அத்தையின் ஆட்சி. ஆனால் சரித்திரம் படித்தவர். ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து, எங்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு அப்பாவை மன்னனாக்குவார். மன்னன் கூவமாட்டான். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெதுவாக நடப்பான். கடாரத்துக்கு வந்த சோழன் கப்பல் முனையில் வாய் திறக்காமல் நின்றான் என்று, பக்கத்திலேயே நின்று பார்த்தவர் போலச் சொல்வார். அப்பா கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு நடந்து பழகுவார். என்னை வழியிலிருந்து நகரச் சொல்வார்கள்.

பலன் உடனே தெரிந்தது. டின் நிரம்பியது. நிரம்பி வழிந்து, பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்கும் அளவுக்குப் போயிற்று. அப்பா பெரிய ஆளாகிவிட்டதால் பிஸ்கட்டும் பெரிய அளவில் தருகிறார்கள் என்று நான் நினைத்தேன். படுக்கையில்கூடத் துகள். ஆனால் அப்பா மட்டும் அந்த டின் பக்கம் திரும்பாமலேயே அதைக் கடந்து போவார்.

“நான் போய் ஒக்காந்தா கேன்டீன்ல எல்லாரும் வாய மூடிக்கிறாங்க மச்சான்,” என்று ஒரு ஞாயிறு மாமாவிடம் சொன்னார். “எங்க தப்புன்னு கேட்டாலும் சொல்லமாட்றாங்க.”

மாமா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, “மாறுவேசம்தான் மாப்ள. பாண்டியன் போனான். மலாக்கா சுல்தானும் போயிருப்பாரு. மூஞ்சிக்கு நேரா ஜனங்க சொல்லாது லா,” என்றார்.

திருவிழாவில் ஒரு நாள் உபயம் தொழிற்சாலை ஆட்களுடையது. முதல்நாள் மத்தியானம் எல்லாரும் கோயில் மண்டபத்தில் கூடி, மறுநாள் அன்னதானத்துக்குக் காய் நறுக்குவார்கள். அங்கே ஜெஞ்சாரோமிலிருந்து வந்த ஒரு பக்தராகப் போய் உட்கார வேண்டும் என்பது திட்டம். அப்பா மீசையை எடுத்தார். திங்கட்கிழமை மீசையில்லாமல் வேலைக்கு எப்படிப் போவது என்பதைச் சரித்திரம் யோசித்திருக்கவில்லை. தலையில் ஒரு தொப்பி, கண்ணில் மாமாவின் சோடாபுட்டிக் கண்ணாடி. அம்மா அவருக்கு யாரோ விருந்தாளிக்குப் போடுவது போல ஒதுங்கி நின்று சோறு போட்டாள். அந்தக் கண்ணாடியில் அப்பாவுக்கு வாசற்படியே தெரியவில்லை. ஆகவே என்னையும் அவரோடு அனுப்பினாள். மாமா எனக்கு மந்திரி பதவி கொடுத்தார்.

மாறுவேடத்தில் போன எந்த ராஜாவும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனதாகச் சரித்திரம் இல்லை.

அந்த மண்டபம் இப்போதும் எனக்குக் கனவு போலத்தான் வருகிறது. சாக்கு விரிப்புகளில் வட்டவட்டமாக ஆட்கள். மழைக்கு முந்தைய மஞ்சள் வெளிச்சம். பூசணியின் பச்சை வாசம், கற்பூரம், வெங்காயக் கண்ணீர். எனக்கே அப்படி என்றால், சோடாபுட்டி வழியாக அப்பாவுக்கு அது வெறும் வண்ண மூட்டமாக இருந்திருக்கும். முகம் என்று எதுவும் தெரிந்திருக்காது.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா என்னைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். “பாப்பா, இது யாரு?”

மந்திரி தயங்கவில்லை. “எங்க ஜெஞ்சாரோம் மாமா.”

மண்டபத்தில் ஒரு கணம் கத்திகள் நின்றன. அப்புறம் அக்கா மிகுந்த மரியாதையுடன், “வாங்கண்ணே, ஒக்காருங்க. ஒங்க மாப்ளதான் எங்க சூப்பர்வைசரு,” என்றார். யாரோ கத்தியை நீட்ட, அக்கா அதை வாங்கி அப்பால் வைத்துவிட்டு அப்பாவின் மடியில் ஒரு கட்டுக் கீரையை வைத்தார்.

அப்பா கீரையைத் தடவித் தடவி ஆய்ந்தார். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, மாப்பிள்ளை வேலையில் எப்படி என்று கேட்டார்.

“தங்கமான மனுசன். ஆனா இப்பல்லாம் பேய் மாதிரி பின்னாடி வந்து நிக்கிறாரு லா. எங்களுக்குக் கை ஒதறுது. ஒதறுனா ஒடையாதா?”

தேங்காய் துருவிக்கொண்டிருந்த ஒரு தாத்தா தலை நிமிராமல், “முன்னெல்லாம் கூவுவாரு. வட்டமா சதுரமான்னு தெரியும். இப்ப போர்டு இல்லாத பஸ் மாதிரி வருது,” என்றார்.

அவரிடமே சொல்லக்கூடாதா என்று கட்டைக்குரல் கேட்டது.

“எப்படிண்ணே சொல்றது? நேத்துவரைக்கும் எங்ககூட நின்னவரு. சொன்னா, மேல போன ஆளக் கீழ இழுக்குற மாதிரி ஆயிடும்.” அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நீங்க சொந்தக்காரரு. நீங்க சொன்னா கேப்பாரு.”

அப்பாவின் கை கீரையில் நின்றது. “சொல்றேன்மா,” என்றார். குரலை மாற்ற மறந்துவிட்டார்.

அப்போது கூரையில் முதல் தூறல் விழுந்தது. நான் அவரை உலுக்கி, “அப்பா, மழை,” என்றேன். சொன்ன பிறகுதான் ராஜ்ஜியம் என் வாயால் போயிற்று என்று உறைத்தது. அக்கா துளியும் அசையவில்லை.

“ஆமாமா, ஒங்கப்பா வீட்டுல தேடுவாரு. மாமாவ பத்திரமா கூட்டிட்டுப் போ,” என்று சொல்லி, ஒரு பொட்டலம் சுண்டலை என் கையில் திணித்தார். “இது சூப்பர்வைசருக்கு.”

வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. ஒரு கண்ணாடியை வைத்து இத்தனை பேரை ஏமாற்ற முடிகிறதே, பாவம் இந்த ஜனங்கள் என்று நினைத்தேன். பின்னாளிலும் கேன்டீனில் யாராவது, ஜெஞ்சாரோம் மாமா வந்தால் ஒரு விஷயம் சொல்லணும் என்பார்களாம். அப்பாவும் சட்டைப்பையிலிருந்து அந்தக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொள்வாராம். மாமாவுக்கு அது திரும்பப் போகவேயில்லை. அவரும் கேட்கவில்லை, சரித்திரம் வென்ற பெருமை அவருக்குப் போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை அப்பா தொண்டை கட்டிப்போய் வீட்டுக்கு வந்தார். அன்றிலிருந்து டின் இறங்கத் தொடங்கியது. முதலில் பாதி, பிறகு கால், பிறகு கீழே மணல் போலத் துகள். திருவிழா முடிந்த வாரம் அம்மா அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சாப்பிட உட்கார்ந்தபோது மெல்லக் கேட்டேன்: “ஒங்கள வேலயிலேர்ந்து எறக்கிட்டாங்களாப்பா?”

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் அழ ஆரம்பித்தேன். ஆட்சியை இழந்த மனிதர் ஏன் இத்தனை சந்தோஷமாக, கட்டிய தொண்டையோடு, “பிரிக்பீல்ட்ஸ், பிரிக்பீல்ட்ஸ்!” என்று கூவிக்கொண்டே என் தட்டில் ரசம் ஊற்றுகிறார் என்பது மட்டும் எனக்கு விளங்கவில்லை.