கூட இருப்பவர்

மனநல மருத்துவர் போனில் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் மூக்குக்கண்ணாடிக் கடையில் நான் பில் போடுகிறேன். பின்னறையில் லென்ஸ் தீட்டுகிறவர் தனிக்கட்டை, வாய்ப்பூட்டு போட்ட மாதிரி இருப்பார். பதினோரு வருடமாக இருவருக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர். “தம்பி, ஆர்டர்!” என்று கத்துவேன், கண்ணாடி வரும். அவ்வளவுதான் உறவு. அவர் மருத்துவமனைப் படிவத்தில் ‘கூட இருப்பவர்’ என்ற இடத்தில் என் எண்ணை எழுதியிருக்கிறார். வேறு யாரும் இல்லையாம்.

“அவருக்கு மனச்சோர்வுக்கு மாத்திரை ஆரம்பிச்சு நாலு வாரம் ஆச்சும்மா. வேலை செய்யலன்னு நிறுத்தப் பார்க்கறார். பொதுவா தூக்கம், பசி, சுறுசுறுப்புதான் முதல்ல தேறும். மனசு பின்னாடிதான் வரும். அதனால சாப்பிடறவருக்கே சில சமயம் தெரியாது, பக்கத்துல இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். ஏதாவது மாற்றம் தெரியுதா?”

அவர் மாத்திரை சாப்பிடுவதே எனக்கு அப்போதுதான் தெரியும். “ஒரு வாரம் குடுங்க டாக்டர்” என்று சமாளித்தேன்.

அதற்கப்புறம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன். திங்கட்கிழமை டிபன் டப்பாவில் பாதி அப்படியே இருந்தது. புதன்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை டப்பா காலி. அதோடு விட்டாரா? “பவரைத் தப்பா எழுதியிருக்கீங்க, கண்ணைத் திறந்து பார்த்து எழுதுங்க” என்று என்னிடமே எகிறினார். அட, எகிறத் தெம்பு வந்துவிட்டதே! திட்டு வாங்கிக்கொண்டு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

சனிக்கிழமை மாத்திரை அட்டையைக் குப்பைக்கூடையில் போடப் போனார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒண்ணும் ஆகலக்கா. மனசு அப்படியேதான் கிடக்கு.”

“அடப் போப்பா! திங்கக்கிழமை பாதிச் சாப்பாட்டை மிச்சம் வச்சே. நேத்து டப்பாவை வழிச்சு வச்சிருந்தே. என்கிட்டயே சண்டைக்கு வந்தே. மருந்து வேலை செய்யுது, உனக்குத்தான் இன்னும் சேதி வரல.”

அவர் என்னையே பார்த்தார். முகத்தில் ஓர் ஆவல்.

“அப்ப, இதுக்கெல்லாம் முன்னாடி, நல்லா இருந்தப்ப, நான் எப்படிக்கா இருந்தேன்? அந்த அளவுக்கு வந்துட்டேனா?”

‘நல்லா சிரிப்பே’ என்று வாய்வரை வந்த பொய்யை விழுங்கினேன்.

“தெரியாதுப்பா. நான் உன்னைக் கவனிச்சுப் பார்த்ததே இல்ல.”

தலையாட்டினார். கோபிக்கவில்லை. அதுதான் நெஞ்சை அறுத்தது. அட்டையிலிருந்து அன்றைய மாத்திரையைப் பிதுக்கி எடுத்துவிட்டு, என் தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டினார்.