குவித்த கைக்குள் ஒரு தீக்குச்சி

என் எதிர்வீட்டுக்காரரை அவருடைய வேலையிடத்தில் பல்லி என்று கூப்பிடுவார்கள். உயரமான கட்டடங்களின் வெளிப்புறக் கண்ணாடிகளைக் கயிற்றில் தொங்கியபடி துடைப்பது அவர் தொழில். "மத்த பல்லி விழுந்தா பலன் பார்க்கணும், இந்தப் பல்லி விழுந்தா இன்சூரன்ஸ் பார்க்கணும்" என்று கூட்டாளி கேலி செய்வாராம். அதைச் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்ன அன்றுதான், இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி என்றும் முதல்முறையாகக் கேட்டார்.

அவருக்கு ஒரே மகள். மனைவி பிரிந்தபோது மகளையும் அழைத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார். மகள் இப்போது நர்சிங் படிக்கிறாள். செலவு இவருடையது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். "நல்லா இருக்கேன்ப்பா" என்பதற்கு மேல் பேச்சு நீளாது. கயிறு அறுந்தால் அவள் படிப்பும் அறுந்துவிடும் என்பதுதான் அவருடைய பயம்.

ஏஜென்ட் அம்மாள் ஒரு மாலை வந்தார். தன் வீட்டில் ஒரே நாற்காலி என்பதால் எதிர்வீட்டுக்காரர் என்னிடம் ஒன்று இரவல் கேட்டார். அதைக் கொண்டுபோன நானும் அங்கேயே இருந்துவிட்டேன். ஏஜென்ட் விளக்கியது இதுதான்: பிரீமியம் வயதை மட்டும் வைத்துப் போடப்படுவதில்லை. ஆபத்தான தொழிலுக்கு ஒரு கூடுதல், புகைப் பழக்கத்துக்கு இன்னொரு கூடுதல். இவருக்கு இரண்டும் உண்டு. இவரால் கட்ட முடிகிற பணத்துக்கு, மகளின் படிப்புச் செலவில் பாதிக்குத்தான் பாலிசி கிடைக்கும். கயிற்றை விட்டால் பிழைப்பில்லை. ஆனால் ஓர் ஆண்டு முழுக்கப் புகைக்காமல் இருந்து, சிறுநீர்ப் பரிசோதனையிலும் தேறினால் இரண்டாவது கூடுதல் போய்விடும். முழுத் தொகைக்கும் எடுக்கலாம்.

"சிகரெட் பிடிக்கிறதில்லைன்னு எழுதிட்டா?" என்று இவர் கேட்டார்.

"எழுதலாம். உங்களுக்கு ஏதாவது ஆனப்புறம் கண்டுபிடிச்சா பணம் தர மாட்டாங்க. அப்ப நீங்க எழுந்து வந்து விளக்கம் சொல்ல முடியாதுல்ல?"

அரைக் குடையால் முழு மழையைத் தடுக்க முடியாது என்று, அவர் ஓர் ஆண்டு காத்திருக்கத் தீர்மானித்தார். அன்றே சிகரெட்டை விட்டார். மாலையில் பால்கனியில் வெறுங்கையோடு நிற்பதைப் பார்ப்பேன். சிகரெட் இருந்தவரை அங்கே நிற்பதற்கு அது ஒரு காரணமாக இருந்தது. இப்போது தனியாக நிற்பது மட்டும் தெரிந்தது.

ஆண்டு முடிந்து பரிசோதனை நடந்தது. முடிவைச் சொல்ல ஏஜென்ட் நேரில் வந்தார். மறுபடியும் என் நாற்காலி போனது. உடம்பில் நிகோடின் இருப்பதாக வந்திருந்தது. மகள்மேல் ஆணையாகத் தொடவில்லை என்றார் இவர். நான் அவர் சொல்லை நம்பினேன். அதனால்தான் வேலையிடத்தில் என்ன நடக்கிறது என்று துருவிக் கேட்டேன்.

அப்போதுதான் தெரிந்தது. கயிற்றில் இறங்குவதற்கு முன் எல்லோரும் மொட்டை மாடியில் ஒரு சிகரெட் பிடிப்பார்கள். அந்த உயரத்துக் காற்றில் யார் உரசினாலும் தீக்குச்சி அணைந்துவிடும். இவர் குவித்த கைக்குள் மட்டும் நிற்கும். முதல் சிகரெட்டை இவர்தான் வாயில் வைத்து, ஓர் இழுப்பு இழுத்து, கனன்றதும் கூட்டாளிக்குக் கொடுப்பார். அதிலிருந்து மற்றவர்கள் பற்றவைத்துக்கொள்வார்கள். புகைப்பதை விட்ட பிறகும் இது நிற்கவில்லை.

"பத்த வெச்சுக் குடுக்கிறது பிடிக்கிறதாம்மா?" என்று அவர் உண்மையாகவே கேட்டார். "சமைக்கிறவன் உப்புப் பார்த்தா சாப்பிட்டதா அர்த்தமா?"

ஏஜென்டுக்குச் சிரிப்பு வந்தது. இவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார். "பரிசோதனைக்கு அதெல்லாம் தெரியாதுங்க. இன்னிலேருந்து இன்னொரு வருஷம் இருங்க."

மறுநாள் மாடியில் அவர் தீப்பெட்டியை வாங்க மறுத்துவிட்டார். இவ்வளவு நாள் அரைச் சாமியார், இனி முழுச் சாமியார் என்று கூட்டாளி கேலி செய்தார். ஆனால் காரணம் தெரிந்ததும், காற்றில் அணையாத லைட்டர் ஒன்றை வாங்கிவிட்டார்கள். இவர்மேல் புகை படக்கூடாது என்று தண்ணீர்த் தொட்டிக்கு அந்தப் பக்கம் போய்ப் பிடித்தார்கள். நல்ல மனதோடுதான் செய்தார்கள்.

"கோவத்துல போயிருந்தா சண்டை போட்டிருக்கலாம்ங்க," என்று என்னிடம் சொன்னார். "இப்ப என்னைக் கேலி பண்றதுகூட அந்தப் பக்கத்துலேருந்துதான் கேட்குது."

அந்த ஓர் ஆண்டும் அவர் தொட்டிக்கு இந்தப் பக்கம் தனியாக உட்கார்ந்திருந்துவிட்டுக் கயிற்றில் இறங்கினார். இரண்டாவது பரிசோதனையில் தேறினார். தொழிலுக்கான கூடுதலோடு, முழுத் தொகைக்கும் பாலிசி வந்தது. உடனே மகளைப் போனில் கூப்பிட்டிருக்கிறார். "சரிப்பா, டியூட்டில இருக்கேன், அப்புறம் பேசறேன்" என்றாளாம்.

அன்று மாலை என் கதவைத் தட்டினார். நாற்காலிக்காக என்று நினைத்தேன். பாலிசியின் நகல் ஒன்றை நீட்டினார்.

"இது உங்ககிட்ட இருக்கட்டும் ஐயா. நான் விழுந்தா, இப்படி ஒண்ணு இருக்குன்னு என் பொண்ணுகிட்ட சொல்ல ஆள் வேணும்."

அவரைவிட நான் எவ்வளவு மூத்தவன் என்பதை நினைவுபடுத்தினேன். நான் முந்திக்கொண்டால் என்ன செய்வார் என்று கேட்டேன்.

"போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. வேற ஆளைப் பார்க்கணும்ல."

சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. மகளின் போன் நம்பரைக் கேட்டேன். தன் போனை எடுத்துப் பார்க்காமலே, ஒவ்வோர் எண்ணாக நிறுத்திச் சொன்னார். நகலின் மேல் ஓரத்தில் எழுதிக்கொண்டு, சரிதானா என்று ஒருமுறை படித்துக் காட்டினேன். சரிதான் என்றார்.