ஆயுத பூஜைக்கு வந்தவர்

கம்பெனி கஷ்டத்துல இருக்கும்போது ஆளுங்களை எப்படி நடத்தணும்னு இப்போல்லாம் ஏசி ரூம்ல உக்காரவச்சுப் பாடம் எடுக்கிறாங்க. சூப்பர்வைசர் ஆயிட்டேனே, நானும் போய் உக்காந்திருக்கேன். "ஆளைக் கைவிடக் கூடாது, அவங்க நம்பிக்கையைக் காப்பாத்தணும்"னு டை கட்டின தம்பி ஒருத்தர் சொல்லும்போது எனக்குப் பத்திக்கினு வரும். அவர் மேல இல்ல. என் மேலதான்.

தொண்ணூறுகளோட ஆரம்பம். அம்பத்தூர் எஸ்டேட்ல லாரிக்கு உதிரி பாகம் கடைஞ்சு கொடுக்கிற கம்பெனி ஒண்ணுல நான் லேத் ஓட்டிக்கினு இருந்தேன். பக்கத்து லேத்துல ஒரு அண்ணன், எனக்கு ரொம்ப சீனியர். ரெண்டு பேருக்கும் வீடு குமணன்சாவடி. ஒரே பஸ்ல தொங்கிக்கினு வருவோம், ஒண்ணாவே திரும்புவோம். எனக்கு மூக்குக்கு மேல கோவம். போர்மேன்கிட்ட நான் எகிறும்போதெல்லாம் அவர்தான் குறுக்க வந்து, "உடு நைனா, சோறு போடுற எடம்"னு என்னை இழுத்துக்கினு போவார்.

கம்பெனி புதுசா கம்ப்யூட்டர் லேத் ஒண்ணு வாங்கிச்சு. அதை ஓட்டக் கத்துக்கிறதுக்குப் பெங்களூருக்கு ஒரு ஆளை அனுப்பணும். முறைன்னு பார்த்தா அவர்தான் போகணும். அந்த நேரம் பாத்து அவரோட பொண்ணுக்கு மஞ்சக் காமாலை, குழந்தை படுத்த படுக்கையா கிடந்தது. அவரே, ஆளுங்க விவகாரம் பாக்குற பர்சனல் ஆபீசர்கிட்ட போய், "இவனை அனுப்புங்க சார், கல்யாணம் ஆவாதவன், நல்லா கத்துக்குவான்"னு சொன்னார். நான் குஷியா பெட்டியைக் கட்டினேன். பெங்களூர்ல இருந்த நாளெல்லாம், பொண்ணு எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை விசாரிக்கலை.

மறு வருஷமே ஆர்டர் படுத்துடுச்சு. ஆளைக் குறைக்கப்போறாங்கன்னு பேச்சு வந்தப்போ அவர்தான் மீட்டிங்ல எழுந்து நின்னார். "யாரையும் அனுப்பாதீங்க சார். எல்லாருக்கும் வாரத்துல நாலு நாள் வேலை குடுங்க. சம்பளம் கம்மியானாலும் பங்கு போட்டுக்கிறோம்"னு கேட்டார். மேனேஜர் நல்லா தலையை ஆட்டினார். அடுத்த வாரம் பழைய லேத் ஆளுங்க எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. ஆர்டர் வந்ததும் கூப்பிடுவோம்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாங்க. புது மெஷின் தெரிஞ்சவன்னு என்னை மட்டும் வச்சுக்கினாங்க.

தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு எங்க வீட்ல சந்தோஷப்பட்டாங்க. நான் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கினா, அவர் தெரு வழியா போகாம சுத்திக்கினு போக ஆரம்பிச்சேன்.

ஆயுத பூஜை வந்தது. எஸ்டேட்ல அன்னைக்குப் பொண்டாட்டி புள்ளைங்களோட வர்றது வழக்கம். அவனவன் மெஷினை அவனவன்தான் துடைச்சுப் பொட்டு வைக்கணும், அடுத்தவன் கை வைக்க மாட்டான். ஓடுற மெஷினெல்லாம் மாலையும் மாவிலையுமா நிக்க, பழைய லேத்துங்க மட்டும் அழுக்குப் படுதா மூடி ஓரமா கிடந்தது, அவரோடதும் அதுல ஒண்ணு. பூஜை முடிஞ்ச கையோட எல்லாம் காயலாங்கடைக்குப் போகப்போகுது, விலை பேசியாச்சு. அவர் லேத்தோட கரண்ட் ஒயரைக் கழட்டினதே நான்தான். வெளிய மூச்சு விடக் கூடாதுன்னு ஆபீசர் சொல்லியிருந்தார்.

பூஜை ஆரம்பிக்கிற நேரத்துக்கு அவர் வந்தார். துவைச்சு இஸ்திரி போட்ட யூனிபார்ம். கூட சம்சாரம், கையில கதம்ப மாலையோட அந்தப் பொண்ணு. வாட்ச்மேன் தடுக்கலை, எப்படித் தடுப்பான்? நேரா தன் லேத்துக்கிட்ட போய்ப் படுதாவை விலக்கி, மண்ணெண்ணெய்த் துணியால மூலை முடுக்கெல்லாம் துடைச்சார். பொண்ணு எக்கி எக்கிச் சந்தனம் வச்சது. "இதான் அப்பா மெஷினு. தூங்கிக்கினு கீது. ஆர்டர் வந்தா எய்ந்துக்கும்"னு அதுகிட்ட சொன்னார்.

அவர் சம்சாரம் என்கிட்ட வந்தாங்க. "தீபாவளிக்குள்ள கூப்டுருவாங்களா தம்பி? ஓசூர்ல எங்கண்ணன் வேலைக்கு வரச் சொல்லுது. இங்க கூப்டுருவாங்கன்னுதான் போவாம கீறோம்."

எனக்குக் குத்த உணர்ச்சி வந்தாலும் கோவமாத்தான் வெளிய வரும், என் பிறவி அப்படி. "இன்னா அண்ணாத்தே, உனுக்குப் பைத்தியமா?"ன்னு அவரைப் பாத்துக் கத்தினேன். "எவனும் கூப்ட மாட்டான். இந்த லேத்தை எடைக்குப் போட்டாச்சு. பேசாம ஓசூருக்குப் போய்ப் பொழைக்கிற வழியைப் பாரு!"

மணி ஆட்டிக்கினு இருந்த ஐயர் கையை நிறுத்திட்டார். அந்தம்மா அப்படியே வாயில முந்தானையை வச்சுக்கினாங்க. அவர் மட்டும் பதறலை. என் பக்கத்துல வந்து மெதுவா சொன்னார்: "எனுக்குத் தெரியாதா நைனா? காயலாங்கடைக்காரன் எங்க தெருதான். ஓசூருக்கு வரேன்னு மச்சான்கிட்ட நேத்தே சொல்லிட்டேன், இவளுக்கே இன்னும் சொல்லலை. பொண்ணு இன்னிக்கி ஒரு நாளு பாத்துட்டுப் போவட்டும், ஊட்டுக்குப் போய் மெள்ள சொல்லிக்கலாம்னு இட்டாந்தேன்."

ஐயோன்னு இருந்துச்சு எனக்கு. உண்மையைத்தானே சொன்னேன்னு இத்தனை வருஷமா எனக்கே சொல்லிப் பாக்குறேன், எடுபடலை. என் பாரத்தை இறக்கி வைக்கணும்னு அந்த மனுஷன் புள்ளைக்கு முன்னாடி அவர் தலையில போட்டேன். அதான் நடந்தது.

பொண்ணு சந்தனக் கிண்ணத்தைக் கீழ வச்சுட்டு என்னையும் அவரையும் மாறி மாறிப் பாத்தது.

"அப்ப இந்த மாமாவ மட்டும் ஏன்ப்பா வச்சுக்கினாங்க?"

அதுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான். அவர்தான் அது தலையைத் தடவிக்கினே சொன்னார்.

"மாமாவுக்குப் புது மெஷினு ஓட்டத் தெரியும் கண்ணு. அப்பாவுக்குத் தெரியாது."