வளைவு வாந்தி

சேந்தமங்கலத்திலிருந்து வரும் மதிய பஸ் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி மலைமேல் வந்து நின்றால், நான் நர்ஸாக இருந்த சுகாதார நிலையத்தின் வாசலில் நாலு பேராவது குனிந்து நிற்பார்கள். 'வளைவு வாந்தி' என்போம். எலுமிச்சம்பழத் துண்டு ஒன்றைக் கொடுத்து உட்கார வைத்தால் தானே அடங்கிவிடும்.

அன்று அந்தக் கூட்டத்தோடு எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தியும் கணவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வாந்தி. "தலை வலிக்குதுங்க, கண்ணு மங்கலாத் தெரியுதுங்க" என்றாள். டாக்டர் கீழே மீட்டிங் போயிருந்தார். ஊசிக்கு நீண்ட வரிசை. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நின்றது. "மாசமா இருக்கையில பஸ் ஏறினா அப்படித்தான். சித்த நேரம் உக்காரு கண்ணு" என்று எலுமிச்சம்பழத்தை நீட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து அவள் கணவர் தயங்கித் தயங்கி மேசையருகே வந்தார்.

"ஏனுங்க, வாந்தி நிக்கலீங்க. பஸ்ல வந்ததாலன்னு சொன்னீங்க. நாங்க ஊட்டுலருந்து நடந்துதானுங்க வந்தோம்."

ஓடிப்போய் பிரஷர் பார்த்தேன். நூற்றெண்பதுக்கு மேல். கால்கள் வீங்கியிருந்தன. டாக்டரை போனில் பிடித்து, அவர் சொன்ன ஊசியைப் போட்டு, ஆம்புலன்ஸை வரச்சொல்லிவிட்டு, நாமக்கல் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினேன். 'நோயாளி வந்த நேரம்' என்ற கட்டத்தில் பேனா நின்றது. உள்ளதைத்தான் எழுதினேன். ஆனால் அவள் உயிர் ஊசலாடும்போதும் என் வேலையைப் பற்றி ஒரு நொடி யோசித்தேன். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஆம்புலன்ஸில் நானும் ஏறினேன். பாதி மலை இறங்குவதற்குள் வலிப்பு வந்துவிட்டது. அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். வண்டி திரும்பும்போதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே சரிந்தோம். காளப்பநாயக்கன்பட்டி வந்தபோதுதான் மூச்சு சீரானது.

அவள் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவளுக்கு மாத்திரை வாங்க அவள் கணவர் வந்தார். கூட்டம் கலையும்வரை ஓரமாக நின்றார்.

"என் தப்புத்தானுங்க. பஸ்ல வரலைன்னு மொதல்லயே சொல்லியிருக்கோணும். நீங்க வேலையா இருந்தீங்க, தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்துட்டனுங்க."

கேட்காமல் விட்டது நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச் சொன்னேன்.