கிட்டார் முடிந்தால் அக்கா

போன சனிக்கிழமை ஜெர்மனியின் டோர்ட்மண்டில் ஒரு இசைத்தட்டுக் கடையைத் தாண்டிப் போனவன், அப்படியே நின்றுவிட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் அந்த எல்.பி! மிசிசிப்பிப் பக்கத்துக் கறுப்பினப் பாடகர் ஒருவரின் புளூஸ் பாட்டுகள். மடியில் எலெக்ட்ரிக் கிட்டார். புது அட்டையோடு மறுபதிப்பு.

எனக்கு வியர்த்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்... சிரிக்கக் கூடாது.

நான்கு வருடங்களுக்கு முன், அகதி விடுதியில் ஓர் அறைக்குள் நாங்கள் நான்கு பேர். அதில் இசை மேதை நான் ஒருவன்தான் – அப்படிச் சொன்னவனும் நான் ஒருவன்தான். ஜெர்மன் நண்பன் ஒருவன், தன்னிடமிருந்த இதே தட்டின் பழைய பதிப்பைக் கசெற்றில் பதிந்துகொள்ளச் சொன்னான். வெறும் கசெற்றுக்கு எங்கே போவது? அறையில் மூத்தவரான ராசண்ணையின் கட்டிலில் ஒன்று கிடந்தது. பதிவு அழியாமல் இருக்க அதன் மூலைப் பல்லை உடைத்திருந்தார்கள். ஏன் உடைத்தார்கள் என்று யோசித்தேனா? பிளாஸ்டர் ஒட்டி அடைத்து, பாட்டைப் பதிந்துவிட்டேன். என்ன மூளை!

ஞாயிறு மத்தியானம் ராசண்ணை வழக்கம்போலச் சோற்றுக் கோப்பையோடு உட்கார்ந்து கசெற்றைப் போட்டார். கிட்டார் அலறியது.

"ஆரடா இவன்? என்ர மனுசி கதைக்கிற இடத்தில நிண்டு கத்துறான்!"

யாழ்ப்பாணத்திலிருந்து அவர் மனைவி, எங்களுக்கெல்லாம் அக்கா, பேசி அனுப்பிய ஒரே கசெற். ரெக்கார்டர் இருந்த பக்கத்து வீட்டில் பிறகு ஷெல் விழுந்தது. அதன்பின் கடிதம்தான் வந்தது, குரல் வரவில்லை.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை" என்றேன். அவர் அடிக்கவில்லை. அழுதார். அடித்திருக்கலாம்.

நல்லகாலம், நாடாவில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. கிட்டார் ஓய்ந்ததும் அக்கா வந்தார்: "...இஞ்சருங்கோ, கசெற் முடியப்போகுது போல. பனிக்குத் தலையை மூடிக்கொண்டு போங்கோ."

அவ்வளவுதான். அதற்காக ராசண்ணை ஞாயிறுதோறும் அத்தனை பாட்டையும் கேட்டார். வேகமாக ஓட்டினால் நாடா சிக்கிவிடுமோ என்று பயம்.

இப்போது அவருக்கு வேலை உண்டு, வீடு உண்டு, பெரிய மியூசிக் செட்டும் உண்டு. அக்காவுக்குத்தான் இன்னும் விசா இல்லை. செய்த பாவத்துக்குப் பரிகாரமாகத் தட்டை வாங்கிக்கொண்டு ஓடினேன். "கீறலே இல்லை அண்ணை, சுத்தமான சத்தம்!" என்று ஒரு விரிவுரை வேறு.

ராசண்ணை கண்ணை மூடிக் கேட்டார். கால் தாளம் போட்டது. ஒரு பக்கம் முடிந்து ஊசி மேலே எழும்பியது. அவர் இன்னும் காத்திருந்தார்.

"நல்லாத்தான் கிடக்கு தம்பி. ஆனா, பாட்டு முடிய ஒருத்தரும் கதைக்கேல்லையே?"